செய்வித்தாளா, செய்வித்தானா?

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கல்வெட்டு எழுத்தைப் படிக்க உட்கார்ந்தால் மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துவிடுவாள். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. இந்திய வரலாற்று ஆய்வு நிலையத்தில் இருபது வருஷ சர்வீஸ், வயது நாற்பத்தாறு. கணவர் பல் டாக்டர். ஒரே மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு சொல். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் ஓர் ஏரிக்கு மதகு கட்டி, அந்தச் செய்தியைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார். கட்டியவரின் பெயர் இருந்த மூலை உடைந்துபோயிருந்தது. கடைசியில் 'இம்மதகு' என்பதும் அதற்கடுத்த வினைச்சொல்லும்தான் மிச்சம். அந்த வினைச்சொல்லின் கடைசி எழுத்தும் பாதி தேய்ந்து கிடந்ததால், முன்பு பதிப்பித்தவர்கள் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். இவள்தான் அதை 'செய்வித்தாள்' என்று படித்தாள். ஆள் வைத்து மதகைக் கட்டி முடித்தவள் ஒரு பெண்! அதை மையமாக வைத்து ஒரு புத்தகம் எழுதினாள். புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது, எட்டாம் வகுப்புப் பாடநூலில் 'மதகு கட்டிய மங்கை' என்று ஒரு பாடமும் வந்தது. போன வருஷம் அந்தப் பாடத்தை மகள் வகுப்பில் எழுந்து நின்று வாசித்துவிட்டு, "இதைக் கண்டுபிடிச்சது எங்கம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம்.

புத்தகம் வந்து பத்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது இரண்டாம் பதிப்பு போடலாம் என்று பதிப்பாளர் கேட்டார். அட்டைக்கு நல்ல படம் வேண்டும். கல் எப்போதோ ஏரியோடு போய்விட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, பிரஷால் அடித்து எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுத்த மைப்படி ஒன்று வேறொரு நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருந்தது. அதில் கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். அவள் அன்றைக்குப் படித்தது அதன் புகைப்படத்தை மட்டும்தான். காகிதம் தொட்டால் உதிரும் என்று சொல்லி அப்போது நேரில் காட்ட மறுத்துவிட்டார்கள். இப்போது அதைச் செப்பனிட்டுவிட்டார்களாம். வாருங்கள் என்று பதில் வந்ததும் காலை ரயிலைப் பிடித்துப் போனாள்.

காப்பாளர் கையுறை மாட்டிக்கொண்டு, பெரிய மேஜையில் காகிதத்தை விரித்தார். அவள் நேராக அந்த எழுத்துக்குப் போனாள். இடது பாதி தேய்ந்தது தேய்ந்ததுதான். வலது பாதியில் வெள்ளையாக நேரே இறங்கும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. ளகரத்தின் கால் அது. அதை வைத்துத்தான் அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"பின்பக்கமும் பாக்கறீங்களா? செப்பனிட்டவங்க பின்னாடிதான் அழகா வேலை பண்ணியிருக்காங்க" என்றார் காப்பாளர்.

இரண்டு பேருமாகப் பிடித்து மெல்லத் திருப்பினார்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. உளி வெட்டிய ஒவ்வொரு கோடும் பின்பக்கத்தில் மேடாக எழும்பி நின்றது. விரலால் தடவிப் படித்துவிடலாம் போலிருந்தது. அவள் கடைசிச் சொல்லைத் தேடினாள். ளகரத்தின் கால் இருக்க வேண்டிய இடத்தில் மேடு இல்லை. மடித்து வைத்ததன் தடம்தான் இருந்தது. மேலே கீழே எங்கும் நிற்காமல் காகிதத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஓடியது. அந்த மடிப்பில் முன்பக்கத்து மை உதிர்ந்துபோய், ஒரு வெள்ளைக் கோடு உண்டாகியிருந்தது. புகைப்படத்தில் அந்தக் கோட்டின் மற்ற பகுதிகளை யாரோ திருத்தி அழித்திருக்க வேண்டும். எழுத்தின்மேல் விழுந்த துண்டை மட்டும் எழுத்தென்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

கோட்டைக் கழித்தால் மிஞ்சியது ஒரு வளைவு. னகரத்தின் வால். பின்பக்கத்தில் அது திட்டமாக எழும்பி நின்றது.

செய்வித்தான்.

"என்ன மேடம், தண்ணி ஏதாவது வேணுமா?" என்று காப்பாளர் கேட்டார். முகம் அப்படி இருந்திருக்கிறது.

"வேணாம். ஒரு நாற்காலி மட்டும் போடுங்க" என்றாள். மதியம் வரை உட்கார்ந்து, வெளிச்சம் மாற மாற நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் னகரம்தான்.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல. காப்பாளருக்குக் கல்வெட்டு எழுத்து படிக்கத் தெரியாது."

"அப்ப நீ சொன்னாத்தான் வெளிய தெரியும்."

"ஆமாங்க."

அவர் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "நான் ஒருத்தருக்குத் தப்பான பல்லைப் புடுங்கிட்டேன்னு வை. அவருக்கு வலி நிக்காது, மறுநாளே வந்து சட்டையைப் புடிப்பாரு. உன் ஆளு தொள்ளாயிரம் வருஷமா வலிக்குதுன்னு வந்து நிக்கவா போறாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "அதனாலதாங்க நான் சொல்லணும்" என்றாள். அவள் ஒரு முடிவெடுத்துவிட்டால் அப்புறம் அசைக்க முடியாது என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்த சங்கதி.

நிலையத்து இயக்குநருக்கு அது தெரியாது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இப்ப என்ன அவசரம்? ரெண்டாம் பதிப்புல ஒரு அடிக்குறிப்பு போடுங்க. 'இவ்வெழுத்து குறித்து மாற்றுக் கருத்தும் உண்டு.' முடிஞ்சுது."

"மாற்றுக் கருத்து இல்ல சார். நான் படிச்சது தப்பு."

"பாடப்புத்தகத்துல இருக்கு. நிலையத்தோட மானம் இதுல இருக்கு. உங்க பதவி உயர்வு ஃபைல் மேஜை மேல கிடக்கு. மூணையும் ஒரே கல்லுல அடிக்கறேங்கறீங்க."

"அந்தக் கல்லே இப்ப இல்ல சார். காகிதம்தான் இருக்கு. அதுல இருக்கறதைத்தான் சொல்ல முடியும். கட்டுரை எழுதி உங்க மேஜைக்கு அனுப்பறேன். நிலையத்து இதழ்ல போட்டா சந்தோஷம். இல்லேன்னா வேற இதழுக்கு அனுப்புவேன்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் அப்படித் துடைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கஷ்டமாக இருந்தது மகளிடம் சொல்வதுதான். கேட்டதும் மகள் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"என் வகுப்புல எல்லாருக்கும் தெரியும்மா. இனிமே அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? அப்ப அந்தக் காலத்துல பொம்பளைங்க யாரும் எதுவும் கட்டவே இல்லையா?"

"கட்டியிருக்காங்க. விளக்கு வெச்சிருக்காங்க, நிலம் குடுத்திருக்காங்க, குளம் வெட்டியிருக்காங்க. வேற கல்லுங்கள்ல பேரோட இருக்கு. இந்தக் கல்லுல இல்ல. இல்லாத எடத்துல இருக்குன்னு நான் சாதிச்சா, நாளைக்கு இருக்கற எடத்துல காட்டும்போதும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

மகள் எழுந்து போய்விட்டாள். நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் சமாதானம் பண்ணப் போகவில்லை. கோபப்பட மகளுக்கு நியாயம் இருந்தது.

கட்டுரை எழுத உட்கார்ந்தபோது இன்னொருவர் நினைவுக்கு வந்தார். உண்மையில் அன்று காப்பகத்தில் நாற்காலி கேட்ட நிமிஷத்திலேயே நினைவில் வந்துவிட்டார். ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

பத்து வருஷத்துக்கு முன்னால், அவள் தன் கண்டுபிடிப்பைக் கருத்தரங்கில் சொன்ன அன்று, கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். வார விடுமுறையில் கல்வெட்டு படிப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. பட்டமெல்லாம் கிடையாது. "அது னகரம்னு நினைக்கறேன் மேடம்" என்று ஏதோ அளவுக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை. "டைம்கீப்பர் சார் பஸ் வர்ற நேரத்தைப் பாத்துக்கட்டும். எழுத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அரங்கமே சிரித்தது. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எந்தக் கருத்தரங்கிலும் அவரைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

டிப்போவைத் தேடிப் போனாள். டீசல் வாசனையும் ஹார்ன் சத்தமுமாக இருந்த வாசலில், கண்ணாடிக் கூண்டு ஒன்றில் உட்கார்ந்து பெரிய நோட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க மேடம். எந்த ஊருக்குப் போகணும்?"

"ஊருக்குப் போகல. உங்களைத்தான் பாக்க வந்தேன். அது னகரம்தான். நீங்க சொன்னது சரி. அன்னைக்கு நான் பேசினதும் தப்பு, படிச்சதும் தப்பு. மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே ஒரு பஸ் கிளம்பியது. அதன் எண்ணையும் நேரத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"படிச்சது தப்புன்னா சரி. யாருக்கும் வர்றதுதான். பேசினது..." என்று நிறுத்தினார். "என் சம்சாரம் அன்னைக்கு வந்திருந்தா. ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தா. அதுதான் எனக்கு ஆறல."

அவளுக்கு இது தெரியாது. கூண்டின் வாசலிலேயே நின்றாள். அவரே, "நிக்காதீங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க" என்றார்.

உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள். "திருத்தக் கட்டுரை எழுதறேன். முதல்ல சொன்னவர் நீங்க. உங்க பேரும் வரணும்."

"பரிதாபத்துக்கா?"

"இல்ல. நீங்க சரியாச் சொன்னதுக்கு."

அவர் நேரக் குறிப்பு நோட்டின் பக்கத்தைத் திருப்பினார். "அந்தக் காகிதத்தை என் கண்ணால பாக்காம எதுலயும் பேர் போட மாட்டேன்" என்றார். "வர்ற புதன்கிழமை எனக்கு லீவு."

புதன்கிழமை இருவரும் காப்பகத்தில் இருந்தார்கள். அவர் கையுறை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். மடிப்பின் தடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து மெல்லிய காகித ஸ்கேல் ஒன்றை எடுத்து, படாமல் மேலே பிடித்து அளந்தார். முகம் மாறியது. மறுபடி அளந்தார்.

"மேடம், என் காரணமும் தப்பு."

"என்ன சொல்றீங்க?"

"அந்த எடத்துல ளகரம் எழுத அகலம் போதாது, அதனால னகரம்தான்னு சொன்னேன். புகைப்படத்தை வெச்சு அளந்தேன். இங்க பாருங்க, மேல் வரியில இதே அகலத்துல ரெண்டு ளகரம் இருக்கு. புகைப்படம் எடுத்தவன் ஓரத்துல சுருக்கிட்டான் போல. நான் குருட்டாம்போக்குல சரியாச் சொல்லியிருக்கேன், அவ்வளவுதான்."

"சரியாச் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். தப்பான காரணத்தோட சொன்னேன். அதையும் போடுங்க. போட்டாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

அவள் அவரைப் பார்த்தாள். மன்னிப்பு கேட்கத் தேடிப் போன மனுஷர், தன் தவறைத் தானே எடுத்து மேஜையில் வைக்கிறார். இப்படிப்பட்டவரைப் பத்து வருஷம் பஸ் நேரம் மட்டும் எழுத வைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள். "போடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

கட்டுரை எட்டுப் பக்கம் வந்தது. இயக்குநர் மூன்று வாரம் அதைத் தொடவில்லை. நான்காவது வாரம் அவள் போய், வேறு இதழின் முகவரி எழுதிய உறையை அவர் முன்னால் வைத்தாள். அன்று மாலையே கட்டுரை அச்சுக்குப் போனது. பாடநூல் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள். பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே போய், அடுத்த பதிப்பில் பாடம் நீக்கப்படும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். பதவி உயர்வு ஃபைல் மேஜையிலிருந்து எங்கோ போனது, திரும்பி வரவில்லை. கூட வேலை பார்த்த இரண்டு பேர் கொஞ்ச நாள் அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் மாடிப்படியில் நிறுத்தி, "எனக்கு இந்தத் தைரியம் வராது மேடம்" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

அவள் கருத்தரங்கு மேடையில் திருத்தத்தை வாசித்த அன்று, டைம்கீப்பர் அளவுக் கணக்கின் பகுதியை வாசித்தார். தன் காரணம் தப்பு என்ற இடத்தில் அரங்கம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் சமாதானம் ஆனது தனிக்கதை. பள்ளியில் வரலாற்று டீச்சர் கேட்டதற்கு, "எங்கம்மாதான் கண்டுபிடிச்சாங்க, எங்கம்மாவே தப்புன்னும் கண்டுபிடிச்சாங்க" என்று விறைப்பாகச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் ஒரு பீரியட் முழுக்க அதைப் பற்றியே பேசினாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது மகளுக்குக் கொஞ்சம் பெருமை. காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இரண்டாம் பதிப்பை அவள் நிறுத்திவைத்தாள். புத்தகத்தில் புகைப்படத்தை மட்டும் வைத்துப் படித்த இடங்கள் இன்னும் நாற்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றின் மைப்படியும் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டு, அனுமதிக் கடிதங்களை அனுப்ப ஆரம்பித்தாள். டைம்கீப்பருக்கு லீவு உள்ள நாளாகப் பார்த்து இருவரும் போனார்கள். அவர் அளப்பார், அவள் குனிந்து படிப்பாள், பிறகு இருவருமாகக் காகிதத்தைத் திருப்புவார்கள். முதல் பத்தொன்பதில் இரண்டு தப்பு அகப்பட்டது. ஒன்று அவளுக்குச் சாதகமான தப்பு. ஆண் என்று அவள் விட்டிருந்த இடத்தில், குளம் வெட்டிய ஒரு பெண்ணின் பெயர் முழுதாக இருந்தது.

"இதைப் பாடப்புத்தகக்காரங்ககிட்ட சொல்லலாமா?" என்று டைம்கீப்பர் கேட்டார்.

"இன்னும் இருபத்திரெண்டு இருக்கு" என்றாள் அவள், அடுத்த உறையின் நூலை அவிழ்த்தபடி. "முதல்ல எல்லாத்தையும் பாத்து முடிப்போம்."