கூண்டில் ஏறிய ரயில்

கான்சாஸில் ஒரு ரயில் கம்பெனி திவாலாகி, ஃபெடரல் நீதிபதி எஸ்ரா விட்லோவின் பொறுப்புக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த ரயில் தினமும் காலையில் நீதிமன்றத்துக்கு வந்து, சாட்சிக் கூண்டில் ஏறி, கிளம்ப அனுமதி கேட்டது. "சரி, போய் வா" என்பார் விட்லோ. அது பின்பக்கமாகவே வெளியேறும். டவாலி லூதர் கரித்தூளைப் பெருக்குவான்.

விட்லோவை ஜனாதிபதி ஆயுசுக்கும் நியமித்திருந்தார். அப்போது மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது மீசை வெளுத்து, முதுகு வளைந்து, அலுத்தே போய்விட்டது. ஆயுசுக்கும் வேலை என்றால் லேசா என்ன!

லைன் முடிகிற ஊரில் அவர் மகள் ஹெட்டி இருந்தாள். அவளுக்குப் பிறந்த பெண் குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் அவருக்கு. ஆனால் அவர் ரயிலில் ஏறினால் உத்தரவு போட ஆளில்லை. உத்தரவு இல்லாமல் ரயில் நகராது. ஒருமுறை ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். பயணிகள் எல்லோரும் அவரையே முறைத்தார்கள். இறங்கிவந்து உத்தரவு போட்டார். ரயில் அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

"ஏன்யா முகம் வாடிக் கிடக்கு?" என்றது ரயில் ஒருநாள்.

"பேத்தி நடக்கவே ஆரம்பிச்சுட்டாளாம்."

"எனக்கும் ஓடி ஓடி அலுத்துப்போச்சு. அந்த அங்கியை இப்படிக் கொடுங்க."

கொடுத்தார். எஞ்சின் மேடையேறிச் சுத்தியலைத் தட்டியது. வக்கீல்கள் எழுந்து, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்றார்கள். விட்லோவுக்கு அனுமதி கிடைத்தது.

ரயிலுக்குப் பதிலாக அவரே தண்டவாளத்தில் ஓடினார். முதல் ஸ்டேஷனில் தொப்பிப் பெட்டிகளோடு இரண்டு சகோதரிகள் ஏறி, ஜன்னலோர இடம் கேட்டார்கள். கொடுத்தார். பாவம், மூச்சிரைத்தது.

கடைசி ஊரில் ஹெட்டி நின்றிருந்தாள். குழந்தை அவள் தோளில் முகம் புதைத்துத் தூங்கியது.

"இறங்கி வாங்கப்பா, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்."

"எப்படிம்மா இறங்குறது? உள்ளே ஆளுங்க இருக்காங்களே."

ஹெட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டு குழந்தையோடு ஏறினாள். திரும்பும் வழியெல்லாம் பேத்தி உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது. விட்லோ முன்னால் பார்த்தபடியே ஓடினார், வளைவுகள் அதிகம்.

மறுநாள் காலை கூண்டில் ஏறி நின்றார்.

"என்ன வேண்டும்?" என்றது எஞ்சின்.

"பேத்தி முகத்தைப் பார்க்கணும்."

"அவள் உமக்குள்தானே உட்கார்ந்திருக்கிறாள்? மனு தள்ளுபடி. கிளம்பலாம்."

விட்லோ பின்பக்கமாகவே வெளியேறினார். லூதர் துடைப்பத்தை எடுத்தான்.