மூன்றாவது கதவு

நாற்பத்தொரு தாளும் ஒரே விடையைச் சொன்னபோதே நர்ஸுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மாதவிலக்கைப் பற்றி ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசியிருந்தாள். இப்போது தேர்வு வைத்தால் எல்லாரும் தேறியிருக்கிறார்கள். ‘நாப்கினை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?’ ஆறு, ஆறு, ஆறு.

கடைசித் தாளில் மட்டும் விடைக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. ‘சரியான பதில் ஆறு. நான் மாற்றுவது காலையில் ஒன்று, சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒன்று.’

எழுதியவளை வகுப்பில் கத்தரி என்பார்கள். நாக்கு அப்படி. நர்ஸ் அவளை வராந்தாவுக்கு அழைத்தாள்.

“பதில் தெரிஞ்சுமா இப்படி, ஏம்மா?”

“பதில் தெரியும் சிஸ்டர். இடம்தான் தெரியல.”

“நக்கலா?”

“இல்ல. வந்து பாருங்க.”

கழிப்பறைகள் மூன்று. முதலாவதில் பூட்டு தொங்கியது, அது ஆசிரியைகளுக்கு. இரண்டாவதில் தண்ணீர் வராது. மூன்றாவதில் தண்ணீர் வந்தது, ஆனால் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிக்கணும்,” என்றாள் கத்தரி. “பிடிக்கிறவகிட்ட எதுக்குன்னு சொல்லணும். அவ சும்மா இருப்பாளா? கழட்டினதை எங்க போடறது? தாள்ல சுத்திப் பையில வச்சுக்கிட்டுப் போனேன் ஒரு தடவை. பக்கத்துல சாப்பாட்டு டப்பா. அன்னைக்கு நான் சாப்பிடல.”

நர்ஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கையை எடுத்ததும் அது தானாகத் திறந்துகொண்டது. ஒரு காலை நீட்டிக் கதவை அழுத்திக்கொண்டு நின்று பார்த்தாள். இரண்டு கையும் வேலை செய்ய வேண்டிய காரியம், ஒற்றைக் காலில் நடக்கிறதாக இல்லை. ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியவளுக்கு முகத்தில் வெயில் பட்டதுபோல் சுட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எத்தனை முறை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள்.

தலைமையாசிரியை மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. “தாழ்ப்பாளுக்கு எழுதிப் போட்டு எட்டு மாசம் ஆச்சு. நான் என்ன பண்ண?”

“அது வர்ற வரைக்கும் பூட்டின அறையைத் திறந்து விடுங்க மேடம்.”

“பிள்ளைங்க கையில குடுத்தா ஒரே வாரத்துல நாறிடும்.”

“சரி. மேல அனுப்பற அறிக்கையில எல்லாருக்கும் எல்லாம் தெரியும்னு எழுதறேன். அதுக்குக் கீழேயே, கதவு சாத்தாதுன்னும் எழுதறேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்.”

தலைமையாசிரியை நர்ஸ் கையிலிருந்த அறிக்கைத் தாளைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். பிறகு வளையத்திலிருந்து ஒரு சாவியை மெதுவாகக் கழற்றினார்.

சாவியை ஒன்பதாம் வகுப்புச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். முதல் இரண்டு நாள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் கத்தரி எல்லாரும் பார்க்க எழுந்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஆணியில் சாவி தங்கவேயில்லை. இடைவேளையில் ஆசிரியைகள் பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. கணக்கு ஆசிரியை இரண்டு முறை நின்றார். மூன்றாம் முறை நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். எட்டு மாதம் வராத தாழ்ப்பாள் நான்கு நாளில் வந்தது. தச்சர் பழைய ஓட்டைகளை அடைத்து, புதிதாகத் துளை போட்டுப் பொருத்தினார்.

அடுத்த முறை நர்ஸ் வந்தபோது கத்தரி வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டாள்.

“கழட்டினதைப் போட மூடி போட்ட வாளி ஒண்ணு வேணும் சிஸ்டர்.”

“கேட்டிருக்கேன்.”

“யார்கிட்ட?”

நர்ஸ் தலைமையாசிரியையின் அறைப் பக்கம் கை காட்டினாள். கத்தரி உதட்டைப் பிதுக்கினாள்.

“கணக்கு டீச்சர்கிட்ட சொல்லிப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனாள்.