சவிரிமுத்துவை ஏரிக்குக் கூட்டிப்போனது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். தங்கச்சி மேரிறோஸுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். தெரிந்தும் என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள், பாவம்.

தொண்ணூற்றியோராம் ஆண்டு ஓகஸ்ட். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றாள். அந்த வெயிலிலும் கழுத்தில் சால்வை. அதற்குள்ளே அவள் புருஷன் சவிரிமுத்துவின் விரல் அடையாளம் இருக்கும், நான் விலக்கிப் பார்க்கத் தேவையில்லை. அவன் காருக்குள் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, அடி வாங்கிற பொம்பிளையளுக்கெண்டு ஒரு வீடு இருக்கு. கவுன்சிலில வேலை செய்யிற பிள்ளை ஒண்டு ஒழுங்கு செய்திட்டாள். திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் அறை தருவினம். இவர் லீவு போட்டிட்டு வீட்டிலயே நிக்கிறார். வெள்ளியில இருந்து திங்கள் பின்னேரம் மட்டும் ஆளை எங்கையாவது கொண்டுபோய் வச்சிரு.”

“ரெண்டு குடுத்துத் திருத்தட்டோ?”

“வேண்டாம். கூட்டிக்கொண்டு போ. அது காணும்.”

நாங்கள் இரண்டு பேரும் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர்கள். மீன் என்றால் சவிரிமுத்து செத்தவீட்டிலிருந்தும் எழும்பி வருவான். வேல்ஸில், மலைகளுக்கு நடுவே, அக்கரை மங்கலாகத் தெரிகிற பெரிய ஏரி ஒன்றில் நாலு நாளுக்குப் படகு எடுத்தேன். வெள்ளி மதியம் கரையில் கூடாரம் அடித்தோம்.

வெயில் காலத்தில் அந்த ஏரியின் ட்ரவுட் மீன் ஆழத்துக்குப் போய்விடும். ஈயம் கட்டிய நூலை நீளமாக விட்டு, படகை மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டே இழுக்கவேண்டும். பொறுமையுள்ளவனுக்கான வேலை. வெள்ளி ஒன்றுமில்லை, சனி இரண்டு சின்ன மீன். சவிரிமுத்து தேத்தண்ணி ஊற்றித் தந்தான், “மச்சான், மச்சான்” என்று தேனொழுகப் பேசினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நூலைப் பார்த்தேன். திங்கள் மட்டும் பொறு, திங்கள் மட்டும் பொறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு விடிய நல்ல பெரிய மீனொன்று பட்டது. ஆறு இறாத்தல் வரும். சவிரிமுத்து இழுத்துப் படகுக்குள் போட்டான். மீனின் தலையில் அடிப்பதற்கென்றே சின்னப் பொல்லொன்று படகில் இருந்தது. முதல் அடியிலேயே மீன் செத்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை. மூன்று, நாலு, ஏழு. கண் பிதுங்கியது. இரத்தம் என் சேட்டில் தெறித்தது.

“செத்திட்டுது, விடு.”

“சிலதுக்கு முதலடி உறைக்காது மச்சான்,” சிரித்தான். “உன்ரை தங்கச்சியைப் போல.”

பொல்லைப் பறித்து அவன் வாயில் அடித்தேன். பல்லொன்று படகுக்குள் விழுந்தது. கன்னத்தில், தோளில், கண்ணுக்கு மேலே. பொல்லு வழுக்கிப் போனபிறகு கைமுட்டியால். மயிரைப் பிடித்துத் தலையை ஏரிக்குள் அமுக்கினேன். குமிழி வந்தது. தூக்கினேன், திரும்ப அமுக்கினேன். பொய் சொல்லமாட்டேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஐந்து வருசம் வயிற்றில் எரிந்தது அன்றைக்குத்தான் அணைந்தது.

மூன்றாம் தரம் தூக்கியபோது கழுத்திலிருந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “மடு மாதாவாணை, இனி அவளில கை வைக்கமாட்டன் மச்சான். மாதாவாணை.”

மடு மாதா பெயரில் சத்தியம் செய்தால் எங்கள் ஊரில் பேச்சு முடிந்தது. வலைச் சண்டையோ காணிச் சண்டையோ, அதற்குப் பிறகு சந்தேகப்படுகிறவன்தான் பாவி. கையிலிருந்து அவனை விட்டேன். முகத்தைக்கூடக் கழுவிவிட்டேன். வீட்டுக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றான், எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆள் திருந்திவிட்டான், இனி அவள் ஏன் யாரோ வீட்டில் ஒண்டவேண்டும் என்று நினைத்தேன். கூடாரத்தைப் பிடுங்கி என் வான் வண்டிக்குள் போட்டேன். மடையன் நான்.

பின்னேரம் நாலு மணிக்கு மேரிறோஸ் கதவைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இண்டைக்கு ஞாயிறெல்லோ, அண்ணை.”

அவளுக்குப் பின்னால் இரண்டு சூட்கேஸ் கட்டி வைத்திருந்தது. அவனும் கண்டான்.

“ஓ, இதுக்குத்தானோ என்னை ஏரிக்குக் கொண்டுபோனது?”

சொல்லிக்கொண்டே அவள் வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கி விழுந்தாள். நான் அவன்மேல் பாய்ந்தேன். இரண்டு பேரும் உருண்டு வாசலுக்கு வந்துவிட்டோம். தெருவில் யாரோ பொலிசைக் கூப்பிட்டார்கள்.

வந்த பொலிஸ்காரர் இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் நம்பினார்கள். அவன் கண் வீங்கி மூடிக் கிடந்தது, பல் இல்லை. என் கைமுட்டி தோலுரிந்து, சேட் முழுக்க இரத்தம். சவிரிமுத்துவுக்கு நல்ல இங்கிலீஸ். ஏரிக்குக் கூட்டிப்போனது, பொல்லு, தண்ணீருக்குள் அமுக்கியது என்று ஒழுங்காகச் சொன்னான். ஒரு சொல்லும் பொய்யில்லை.

மேரிறோஸிடம் கேட்டார்கள், உன்னை யாரும் அடித்தார்களா என்று. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு கீறல் இல்லை.

“யோசிச்சுச் சொல்லு, மேரிறோஸ்,” என்றான் அவன், தமிழில், மெதுவாக.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசிலும் தூசணத்திலும் கத்தினேன். கத்தக் கத்த, குற்றவாளி நான்தான் என்பதில் அவர்களுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. கையைப் பின்னால் முறுக்கி விலங்கு போட்டுக் காருக்குள் தள்ளினார்கள்.

சவிரிமுத்து பொலிஸ்காரனுக்குக் கைகொடுத்து நன்றி சொன்னான். பிறகு என் தங்கச்சியின் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.