இரண்டு வைகாண்டுகள்

மதியம் இரண்டே கால் மணிக்கு, ஒலியியல் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, டோம்கேக்குத் தான் செய்த தப்பு தெரிந்தது.

காட்டிக்கொடுத்தது கையிலிருந்த ஒரு துண்டுச் சீட்டு. அன்று காலை வீடு வீடாக மருந்து கொடுத்துவிட்டு வாங்கிய கையெழுத்துச் சீட்டுகளை, பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் அவள் மடியில் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கடையில் ஒப்படைக்க வேண்டும். ஏழாவது சீட்டில் அச்சிட்டிருந்த பெயர் ‘வைகாண்ட், பெர்டோல்ட்’. அதன் கீழே உருண்டை உருண்டையான பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் ‘ஹெர்மினா வைகாண்ட்’ என்று இருந்தது.

அவள் அதை மறுபடி படித்தாள். அடுத்த சீட்டை எடுத்தாள். அச்சில் ‘வைகாண்ட், ஹெர்மினா’. கீழே கோடு தாண்டி மேலேறிப் போன ஒரு கிறுக்கல். அது பெர்டோல்ட் வைகாண்டின் கையெழுத்து. அவருக்குக் கண் தெரியாது. பேனாவை எங்கே வைப்பது என்று டோம்கேதான் அவர் விரலைப் பிடித்துக் காட்டியிருந்தாள்.

இரண்டு பைகளும் மாறிப் போயிருந்தன.

டோம்கே ஹார்ம்ஸ் வடக்கே கடலோரத்து ஊரிலிருந்து மார்பூர்க் நகரத்துக்குப் படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்று படிப்பு. வாரத்தில் நாலு நாள் காலையில் மேல் நகரத்து மருந்துக்கடை ஒன்றில் வேலை. கடைக்கு வர முடியாதவர்களுக்கு மருந்தைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மேட்டில் ஏறி, படிக்கட்டில் சைக்கிளைத் தூக்கி, ஆற்றுப் பாலம் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய், ஒரு மணிக்குள் முடித்துவிட்டு, கேன்டீனில் நின்றபடியே எதையாவது விழுங்கிவிட்டு வகுப்புக்கு ஓட வேண்டும். பையைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. உள்ளே என்ன மருந்து என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாததுதான் இப்போது அவளைப் பயமுறுத்தியது. இருமல் மருந்தாகவும் இருக்கலாம். ஆளைச் சாய்க்கக் கூடியதாகவும் இருக்கலாம்.

வகுப்பை விட்டு வெளியே வந்து போனை எடுத்தாள். கடையின் எண் திரையில் வந்துவிட்டது. கட்டைவிரல் அதன்மேல் நின்றது, அழுத்தவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பையை ஆளிடம் கொடுக்காமல் கதவு மிதியடியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். கடைக்காரர் ஓர்ட்லெப் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. ஐம்பது வயதுப் பெண்மணி, எப்போதும் தாழ்ந்த குரல். “இது ரொட்டிக்கடை இல்ல, டோம்கே. இன்னொரு தடவை நடந்தா நாம உக்காந்து பேச மாட்டோம்” என்று மட்டும் சொன்னார்.

‘நானே போய் மாத்திக் கொடுத்துடறேன். அரை மணி நேரம். யாருக்கும் தெரிய வேண்டாம்.’

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

முதலில் எங்கே போவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கண் தெரியாதவரிடம்தான். தப்பான மாத்திரையை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பெட்டியைத் திறப்பார், விழுங்குவார். அவர் வீடு ரயில் பாதைக்கு அந்தப்புறம், மேட்டின் உச்சியில். தூறல் போட ஆரம்பித்திருந்தது. சுரங்கப்பாதையின் ஈரத்தில் சக்கரம் வழுக்கி, முழங்கை சுவரில் உரசித் தோல் போனது. அவள் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டில் மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு ஓடினாள். மனசுக்குள் ஒரே படம்: சமையலறைத் தரையில் அந்த மனிதர் குப்புறக் கிடக்கிறார்.

மணியை அடித்தாள். சத்தம் இல்லை. மறுபடி அடித்தாள், விரலை எடுக்கவே இல்லை.

“வீட்டை இடிச்சுடாதீங்க, வர்றேன்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கதவைத் திறந்தவர் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார். கம்பளிச் சட்டையில் ரொட்டித் துகள்.

“நான்தாங்க, டோம்கே. மருந்துக்கடை. காலைல கொடுத்த பை... அதிலிருந்து ஏதாவது போட்டுக்கிட்டீங்களா?”

“யாரு வீட்டு மூத்திர மாத்திரையையோ என் கையில திணிச்சுட்டுப் போனியே, அதையா?” என்றார் பெர்டோல்ட் வைகாண்ட். “நாப்பது வருஷம் கோர்ட்ல டெலிபோன் போர்டுல உக்காந்திருந்தவன் நான். பெட்டியில புள்ளி எழுத்து குத்தியிருக்குல்ல, அதைத் தடவிப் பாக்காம போட்டுக்குவேனா? நம்ம ரெண்டு பேருல கண்ணு தெரியாதது யாருக்குன்னே புரியல போ.”

டோம்கே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். அழுகை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

“கடைக்கு ரெண்டு தடவை அடிச்சேன், லைன் கிடைக்கல” என்றவர் சட்டென்று நிறுத்தினார். கேலி முகத்திலிருந்து போய்விட்டது. “இரு. என்னோடது யார்கிட்ட இருக்கு?”

“இன்னொரு வைகாண்ட் அம்மாகிட்ட. பாலத்துக்கிட்ட. எண்பது வயசுக்கு மேல இருக்கும்.”

“அவங்களுக்குச் சர்க்கரை உண்டா?”

“எனக்குத் தெரியாதே.”

“பொண்ணே, அது சர்க்கரையை இறக்குற மாத்திரை. சர்க்கரை இல்லாதவங்க போட்டா ஆளே கவுந்துடுவாங்க. எத்தனை மணிக்குக் கொடுத்தே?”

“பதினொண்ணரைக்கு.”

“கடையில என்ன சொன்னாங்க?”

“கடைக்கு இன்னும்...” என்று இழுத்தாள்.

“சொல்லவே இல்லையா?”

“பயமா இருந்துச்சு.”

அவர் திட்டவில்லை. உள்ளே திரும்பி, சுவரோரம் இருந்த போனை எடுத்து, எண்களைப் படபடவென்று அழுத்தி, அவள் குரல் வந்த திசையில் நீட்டினார். “பேசு.”

இந்தத் தடவை லைன் கிடைத்தது. என்ன சொன்னோம் என்று டோம்கேக்குப் பிற்பாடு நினைவில்லை. மறுமுனையில் ஓர்ட்லெப்பின் குரல் மட்டும் நினைவிருந்தது. அது எப்போதும்போலத் தாழ்ந்தே இருந்தது.

“அந்த அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன், அவங்க வீட்டுக்கும் அடிச்சுப் பாக்கறேன். நீ அங்க போ. முழுங்கற நிலையில இருந்தா இனிப்பா ஏதாவது கொடு, ஜூஸ், சர்க்கரைத் தண்ணி, எதுவானாலும். மயங்கிக் கிடந்தா வாயில ஒண்ணும் ஊத்தாதே. கேட்டுச்சா? போ.”

இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வந்தாள். அந்த அம்மாள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவாள்? காலையில் கதவைத் திறந்தபோது சூப் வாசனை வந்தது, அப்படியானால் பன்னிரண்டுக்கு. எழுத்து சின்னதாக இருந்தாலும் பெயரைப் படித்திருக்க மாட்டாளா? ஆனால் பெட்டியின் நிறமும் மருந்தின் பெயரும் மாசத்துக்கு மாசம் மாறுகின்றன. “இப்போ இதுக்கும் புதுப் பேரா?” என்று போன மாதம் அவள் சிரித்ததை டோம்கேயே கேட்டிருந்தாள். படிக்க மாட்டாள். கடை கொடுத்ததாயிற்றே, எழுதியபடி மதியம் ஒன்று. விழுங்கியிருப்பாள்.

இந்த வீட்டுக்கு முதலில் வந்திருக்கலாம். வகுப்பறை வாசலிலிருந்து இங்கே ஏழு நிமிஷம்.

தெருக்கதவு பூட்டியிருந்தது. எல்லா மணியையும் ஒரேயடியாக அழுத்தினாள். கீழ் வீட்டில் குடியிருந்த ஷூட்ஸ் என்ற பெரியவர் வீட்டுச் செருப்போடு எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, தீயா புடிச்சிருக்கு?”

“மேல வைகாண்ட் அம்மா... சாவி இருக்கா உங்ககிட்ட?”

“இருக்கு, ஆனா அவங்க வீட்டுலதான் இருக்காங்க, ரேடியோ பாடுதே...”

“சாவியை எடுங்க!” என்று கத்தினாள். வாழ்க்கையில் அந்த வயதுக்காரர் ஒருவரிடம் அவள் அப்படிக் கத்தியதில்லை.

மேலே கதவைத் திறந்ததும் ரேடியோச் சத்தம் முகத்தில் அடித்தது. எங்கேயோ போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஹெர்மினா வைகாண்ட் சமையலறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. குளித்துவிட்டு அப்படியே உடுத்திக்கொண்டவள்போல ரவிக்கை முழுக்க வியர்வை. மேஜையில் பாதி குடித்த சூப். அதன் பக்கத்தில் பெர்டோல்ட் வைகாண்டின் பெட்டி, ஒரு மாத்திரை பிதுக்கப்பட்ட அட்டை.

“வைகாண்ட் அம்மா? நான் டோம்கே.”

கண்கள் அவள் பக்கம் திரும்பின. அவற்றில் அடையாளம் எதுவும் இல்லை.

“ட்ராம் போயிடுச்சா?” என்றாள் அந்த அம்மாள், நாக்கு குழற. “என் தொப்பியை யாரு எடுத்தா?”

குளிர்பெட்டியில் ஆப்பிள் ஜூஸ் இருந்தது. தம்ளரை உதட்டருகே கொண்டுபோனதும் அந்த அம்மாள் கையை வீசினாள். எலும்பும் தோலுமான கை, ஆனால் அந்த வீச்சில் தம்ளர் பறந்து தரையில் சிதறியது. “விஷம் வைக்கிறா! இவ எனக்கு விஷம் வைக்கிறா!”

ஷூட்ஸ் கதவருகில் அப்படியே நின்றுவிட்டார். டோம்கேயின் கையும் நின்றுவிட்டது. அந்தச் சொல் பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“தலையைப் பிடிச்சுக்கங்க” என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. ஷூட்ஸ் வந்து பின்னாலிருந்து தலையைப் பிடித்தார். இன்னொரு தம்ளர். ஒரு வாய் உள்ளே போனது, இரண்டு வாய் மார்பில் வழிந்தது. ஒரு வாய். இன்னொன்று. பிறகு அந்த அம்மாளின் தாடை தொங்கியது, கண் மேலே செருகியது. டோம்கே தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஓர்ட்லெப் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்: “மயங்கினா ஊத்தக் கூடாது, மயங்கினா ஊத்தக் கூடாது.” இருவருமாக அவளைத் தரையில் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். மூச்சு வருகிறதா என்று டோம்கே கன்னத்தை அவள் வாயருகில் வைத்துக்கொண்டு கிடந்தாள். வந்தது. ஜூஸ் வாசனையோடு, விட்டு விட்டு.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது அவள் நகர மறுத்தாள். ஆம்புலன்ஸ்காரன் ஒருவன் அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினான். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளந்தார்கள், எண்ணைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள்.

“நீ யாரு, பேத்தியா?” என்று கேட்டான் அவன்.

“இல்ல. மருந்து கொண்டுவந்தவ.”

அவன் மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தான். அதற்கப்புறம் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம், கடையின் உள்ளறையில் ஓர்ட்லெப் ஆஸ்பத்திரியோடு பேசி முடிக்கும்வரை டோம்கே நின்றுகொண்டே இருந்தாள்.

“முழிச்சுட்டாங்க” என்றார் ஓர்ட்லெப். “ரெண்டு நாள் வச்சிருப்பாங்க. இந்த மாத்திரை சர்க்கரையை மறுபடி மறுபடி இறக்கும், உடனே வீட்டுக்கு விட முடியாது.” நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ரெண்டு வைகாண்ட் பையை ஒரே நாள்ல ஒரே ஆள்கிட்ட கொடுத்து அனுப்பினது நான். அதை நான் அதிகாரிங்களுக்கு எழுதிக் கொடுப்பேன். நீ ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு எப்போ தெரிஞ்சது?”

‘வைகாண்ட் சார் வீட்டுக்கிட்ட வந்தப்பத்தான் சீட்டைப் பாத்தேன்’ என்று சொல்லலாம். யாராலும் மறுக்க முடியாது.

“ரெண்டே காலுக்கு.”

“என்கிட்ட பேசினது ரெண்டு முப்பத்தெட்டு.”

“ஆமா, மேடம்.”

வெளியே வாடிக்கையாளர் யாரோ மணி அடித்துவிட்டுக் காத்திருந்தார்.

“உன்னை அனுப்பிடணும்னுதான் எனக்கு முதல்ல தோணுது” என்றார் ஓர்ட்லெப். “அனுப்பினா அடுத்து வர்றவ இருபத்து மூணு நிமிஷம் இல்ல, ஒரு நாள் முழுக்க மறைப்பா. வீட்டுக்குப் போ. திங்கக்கிழமை வா. கதவுல முழுப் பேரை வாய்விட்டுக் கேக்காம பையைக் கொடுக்கறதைப் பாத்தேன்னா, அன்னிக்கே முடிஞ்சுது.”

வேலை போகவில்லை. ஆனால் பயமும் போகவில்லை. பைகளை இரண்டு தடவை எண்ணினாள். கொடுத்துவிட்டுத் தெருமுனைவரை வந்து, திரும்பிப் போய், “ஒரு நிமிஷம், பெட்டியைக் காட்டறீங்களா?” என்று கேட்டு ஆட்களை எரிச்சலூட்டினாள். ஒலியியல் தேர்வில் தோற்றாள்.

இரண்டு வாரம் கழித்துப் பாலத்தருகே ஹெர்மினா அம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பை வந்தது. ஓர்ட்லெப் ஆஸ்பத்திரிக்கே போய் மன்னிப்புக் கேட்டிருந்தார், ஆனால் அந்த அம்மாளுக்கு அப்போது பாதி மயக்கம். எதுவும் மனசில் நிற்கவில்லை போலிருந்தது. கதவைத் திறந்ததும் டோம்கேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டியா! ஷூட்ஸ் எல்லாம் சொன்னாரு. நீ மட்டும் அன்னிக்கு வரலேன்னா நான் போயே போயிருப்பேன். என் உயிரைக் காப்பாத்தின புள்ளன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

பேசாமல் இருந்துவிடலாம். டோம்கே அந்தக் கைகளைப் பார்த்தாள். ஊசி குத்திய இடம் இன்னும் மஞ்சளாக இருந்தது.

“காப்பாத்தலைங்க. நான்தான் தப்பான பையைக் கொடுத்தேன். தெரிஞ்ச உடனே யாருக்கும் சொல்லவும் இல்ல. பயந்துட்டேன்.”

பிடி தளர்ந்தது. அந்த அம்மாள் அவள் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் வரும் என்று டோம்கே காத்திருந்தாள். வரவில்லை. அந்த முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது, குழந்தை முகம் மாதிரி.

“இதை ஏன்டி எனக்குச் சொன்னே?” என்றாள். “ஏதோ வயசாச்சு, மயக்கம் வந்துச்சுன்னு இருந்தேன். இனிமே ஒவ்வொரு மாத்திரையைப் போடும்போதும் நான் பயப்படணுமே.”

“மன்னிச்சுக்கங்க.”

“மன்னிச்சா பயம் போயிடுமா?”

அந்த அம்மாள் கதவை மூடிவிடுவாள் என்று நினைத்து டோம்கே ஒரு படி பின்னால் இறங்கினாள். ஆனால் ஹெர்மினா வைகாண்ட் கதவை மூடவில்லை. பையைக் கையில் வாங்காமல், தள்ளி நின்று, சமையலறைப் பக்கம் தலையை அசைத்தாள்.

“உள்ள வா. எல்லாத்தையும் வெளில எடுத்து வை. பேரைப் படி.”

டோம்கே படித்தாள். ஒவ்வொரு பெட்டியாக, சீட்டில் இருந்த பெயரை, மருந்தின் பெயரை, எத்தனை, எப்போது என்பதை. கடைசிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“மறுபடியும் படி” என்றாள் அந்த அம்மாள்.