வேர்வையை நடிக்க முடியாது

வியாழக்கிழமை மதியம் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒத்திகை நடக்கும். நோயாளி வேடம் எப்போதும் எனக்குத்தான். மாரடைப்பு, விஷக்கடி, வலிப்பு என்று நான் சாகாத சாவு இல்லை. டாக்டர் என்பதைவிட நடிகை என்றுதான் வார்டில் எனக்குப் பேர்.

அன்று சோதனை, தோல் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த டாக்டருக்கு. படை, சொறி பார்த்த கை அவசரத்துக்கு ஆகுமா என்று எனக்கு இளக்காரம். மனுஷரைத் திணறடிக்கவே கதையை எழுதினேன்: தலையில் அடிபட்டுக் குழம்பிப்போன நோயாளி, கிட்ட வருகிறவர்களையெல்லாம் விரட்டுவாள். "நான் நிறுத்துங்கன்னு கத்தினாலும் விடாதீங்க, அதுவும் நடிப்புதான்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். பெரிய புத்திசாலி!

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். வெளியே தெரிந்தால் இங்கிருந்து தூக்கி ஏதாவது மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். இந்த வேலை இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது. அன்றும் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன், விபத்து கேஸ் ஒன்று வந்தது. டப்பாவை மூடினவள் அதை மறந்தே போனேன். கோட் பையில் வழக்கமாக நாலு மிட்டாய் கிடக்கும். எப்போது வாங்கிப் போட்டேன் என்பதுகூட நினைவிருக்காது. வேடத்துக்காகக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தேன்.

கட்டிலில் படுத்த ஐந்தாம் நிமிடம் கை நடுங்கியது. விளக்கு இரண்டாகத் தெரிந்தது.

"நிறுத்துங்க... நெஜமாவே முடியல."

சுற்றி நின்ற நர்ஸ்கள் கைதட்டினார்கள். "இன்னைக்கு டாக்டர் பின்றாங்கப்பா!"

மிட்டாய் என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு புரளவில்லை. நான் வெட்டிய குழியில் நானே விழுந்துகொண்டிருந்தேன். பயத்தில் அழுகை வந்தது. அதற்கும் கைதட்டல்.

தோல் டாக்டர் மட்டும் தட்டவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு என் நெற்றியைத் தொட்டார், பிறகு கழுத்தை.

"ஒத்திகை போதும். அழுகைய நடிக்கலாம், வேர்வைய நடிக்க முடியாது. சர்க்கரை பாருங்க, சீக்கிரம்!"

நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. கைதட்டிய கைகளே ஓடி வந்து எனக்குக் குளுக்கோஸ் ஏற்றின.

கண் தெளிந்தபோது, சாப்பிடப் போயிருந்த தலைமை நர்ஸ் அக்காவும் மூச்சு வாங்க வந்து நின்றிருந்தார்.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டார் தோல் டாக்டர்.

"ஆறு. இங்க யாருக்கும் தெரியாது. தயவுசெஞ்சு..."

அக்கா ஆணியிலிருந்து கோட்டை எடுத்து என் மேல் போட்டார். பையிலிருந்து இரண்டு மிட்டாய் உருண்டு விழுந்தன.

"யாருக்கும் தெரியாதாம்! மூணு வருஷமா இதுல மிட்டாய் போடுறது யாருன்னு நெனச்சீங்க? டப்பா எங்க? மொதல்ல சாப்பிடுங்க."