ஒரு மயிரிழை இறங்கிய ஊர்

"மார்ச் 9, செவ்வாய். இன்றைய தவறு: தம்பியின் கிட்டாரில் ஆறு கம்பிகளையும் ஒரு மயிரிழை தளர்வாக விட்டுவிட்டேன். காரணம்: கவனக்குறைவு."

இதை எழுதி ஒன்றரை வருடத்துக்குள் அந்த ஊரில் பிறந்த குழந்தைகளெல்லாம் முன்பு பிறந்தவர்களைவிட ஒரு மயிரிழை கீழே அழுதன. எழுதியவன் வாத்தியக் கடையில் சுருதி சேர்க்கிறவன். கடையில் அவனுக்குத் திருகாணி என்று பெயர். மாலை வகுப்பில் உரைநடை கற்பித்த ஆசிரியை, தினம் ஒரு தவறைத் தேதியும் காரணமும் போட்டு எழுதச் சொல்லியிருந்தார். தன்மேல் நம்பிக்கை குறைந்தவனானதால் அவன் எதையும் முதலில் பென்சிலில் எழுதுவான். ஒரு வாரம் கழித்துப் படித்து, உண்மைதான் என்று பட்டால் அதன்மேலேயே மையால் எழுதுவான். மார்ச் ஒன்பதின் குறிப்பில் ஒரு வார்த்தை தவிர மற்றதெல்லாம் மைக்கு வந்துவிட்டது. கவனக்குறைவு மட்டும் பென்சிலிலேயே கிடந்தது.

அண்ணனுக்குக் காது, தம்பிக்குத் தொண்டை என்று அவர்களுடைய அம்மா சின்ன வயதிலேயே பாகப்பிரிவினை செய்துவிட்டாள். காதை யாரும் மேடையேற்றி மாலை போடுவதில்லை. தம்பி நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, படகு தள்ளுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் பாடும் பாட்டுகளை மின்சாரக் கிட்டாரிலும் டிரம்ஸிலும் போட்டு அடித்தான். அந்தக் குழுவில் பிடிலும் பேஸ் கிட்டாரும் தம்பியின் கிட்டாரைக் கேட்டுத்தான் சுருதி சேர்த்துக்கொள்ளும். வேறு எதையும் கேட்காது. ஆகவே முதல் இசைத்தட்டின் ஒன்பது பாட்டுகளும் ஒரு மயிரிழை கீழேயே பதிவாயின.

தட்டு வெளிவந்த மழைக்காலத்துக்குள் ஊரில் பதினேழு புதுக் குழுக்கள் முளைத்தன. நீதிமன்ற குமாஸ்தாக்கள் ஒன்று, தீயணைப்புப் படையினர் ஒன்று, பல் மருத்துவர்கள் இரண்டு. இரண்டாவது, முதலாவதோடு சண்டை போட்டுப் பிரிந்தது. எல்லாரும் அந்தத் தட்டை ஓடவிட்டே கம்பியை முறுக்கினார்கள். பிறகு தொழிற்சாலைச் சங்கின் சுருதி இறங்கியது. அதன் பின்னால் பேருந்து ஹாரன், கொதிக்கும் கெண்டியின் விசில், விடியற்காலைக் குருவிகள் என்று வரிசையாக இறங்கின. வெங்காயம் விலை ஏறியதைப் பேசியதைவிட அதிகமாக இதைப் பற்றி யாரும் பேசவில்லை. பத்திரிகைகள் மட்டும் அந்தத் தட்டின் மண்வாசனைக்குக் காரணம் தேடின. ஒருவர் கிட்டாரின் மரம் என்றார். இன்னொருவர் ஆற்று ஈரம் என்று நான்கு பக்கம் எழுதினார். திருகாணி அவற்றையெல்லாம் ஓரம் பிசகாமல் வெட்டி, பசை தடவி, நோட்டில் ஒட்டிவைத்தான். ஒவ்வொன்று ஒட்டிய நாளும் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சலுக்கு மருந்துக் கடைக்காரர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். அது வேறு எரிச்சலுக்கான மாத்திரை.

ஒரு வியாழக்கிழமை, கடை மேசை இழுப்பறையில் சுருதி பார்க்க வைத்திருந்த மூன்று இசைக்கவைகளும் இறங்கின. வெவ்வேறு ஆலையில் செய்த எஃகு. மூன்றும் ஒரே அளவு. இப்போது ஊரில் இறங்காமல் நின்றது அவன் காது ஒன்றுதான். அவனுக்கு ஊரே அபசுரமாகக் கேட்டது. பேருந்து ஹாரன் அடித்தால் தாடை வலித்தது. அவன் பழைய கணக்கில் சுருதி சேர்த்துக் கொடுத்த வாத்தியங்கள் ஒவ்வொன்றாகக் கடைக்குத் திரும்பி வந்தன. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, காதை எங்கே அடகு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அடுத்தது பள்ளிக்கூடத்துப் பியானோ, அதுவும் திரும்பி வந்தால் நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்றார். அவனுக்கு வேறு வேலை தெரியாது. உண்மையைச் சொன்னால் அந்தப் புகழெல்லாம் தன் விரலில் பிறந்தது என்று நிரூபிக்கலாம். ஆனால் எதற்காக இறக்கினான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய் வரை வந்ததை ஒன்றரை வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தான்.

அக்டோபர் மாதம் ஒரு மத்தியானம் தம்பி கடைக்கு வந்தான். இரண்டாவது தட்டுக்கான பதிவு நெருங்கிவிட்டது. கிட்டாரை மேசைமேல் வைத்தான்.

"முதல் ரெக்கார்டுக்கு வச்ச மாதிரியே வச்சுக் குடுண்ணா."

"எந்த மாதிரி?"

"தெரியாத மாதிரி கேக்காத. மேல போனா என் தொண்டை கிழியும்னு உனக்குத்தானே தெரியும். அன்னிக்கு முதல் தடவ மீட்டினப்பவே புரிஞ்சுது, அண்ணன் எனக்காக இறக்கியிருக்கான்னு. வெளிய சொல்லல. சொன்னா இவனுக்குத் தொண்டை பத்தலன்னு சிரிப்பாங்க."

புகழைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். தான் செய்த ஒரே அயோக்கியத்தனத்தையும் இவன் எடுத்துத் துடைத்து, பாசம் என்று பெயர் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறானே என்பதுதான் திருகாணிக்குத் தாங்கவில்லை.

"உனக்காக இல்லடா. ரெக்கார்டிங்ல அத்தன பேர் முன்னாடி நீ அசிங்கப்படணும்னுதான் இறக்கினேன்."

தம்பி கிட்டாரின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான்.

"ஆறும் ஒரே அளவு இறங்கியிருந்துச்சே" என்றான். "ஒரு கம்பிய மட்டும் இறக்கியிருந்தா அன்னிக்கே நாறியிருப்போம். கெடுக்கறதக்கூட ஸ்கேல் வச்சுக் கோடு போட்டா கெடுப்பாங்க?"

திருகாணிக்கு இது இதுவரை தோன்றவே இல்லை. அன்று அவன் கம்பிகளைத் தளர்த்தியது கெடுக்கத்தான், மனசார. ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஆறு கம்பிகளை மேசையில் விட்டுவிட்டு எழுந்துபோக அவன் விரல்களுக்கு வரவில்லை.

"வச்சுத் தருவியா, இல்ல வேற கடைக்குப் போகவா?" என்றான் தம்பி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது. அண்ணன் முகத்தை அவன் பார்க்கவில்லை.

திருகாணி கிட்டாரை மடியில் எடுத்துவைத்தான். ஆறாவது கம்பி சேரும்போது வாசலில் பேருந்து ஹாரன் அடித்தது. தாடை வலிக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் கெண்டி விசிலடித்தது, அதுவும் சரியாகவே இருந்தது. கிட்டாரோடு தம்பி படியிறங்குவதையும், தெருவில் இரண்டு பெண்கள் அவனை அடையாளம் கண்டு நிற்பதையும் பார்த்தான். வயிறு வழக்கம்போல எரிந்தது. இறங்கியது காது மட்டும்தான்.

அன்று மாலை வகுப்பில் மார்ச் ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, பென்சில் வார்த்தையை அழித்து, அந்த இடத்தில் பொறாமை என்று நேராக மையிலேயே எழுதினான். ஆசிரியை பார்த்து, சரி என்று ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவன் அன்றைய பக்கத்துக்கு வந்து எழுதினான்:

"அக்டோபர் 21. நாளை காலை எட்டு மணி, பள்ளிக்கூடத்துப் பியானோ. எண்பத்தெட்டுக் கட்டைகளையும் ஒரு மயிரிழை இறக்க வேண்டும். பெரிய திருகுசாவியை மறக்கக் கூடாது."