முன்வரிசையில் அழுதவள்

இறுதியாண்டு ஆவணப்படத்துக்கு என்ன பொருள் என்று கேட்டபோது, "பாட்டு நிகழ்ச்சியை நேர்ல போய்க் கேக்கற அனுபவம், சார்" என்று சின்னவள் சொன்னாள். விரிவுரையாளருக்கு வாயெல்லாம் பல். ஆனால் அவள் மனசுக்குள் இருந்த படமே வேறு. அதன் கடைசிப் பேட்டி ஒரு பாடகருடையது. நன்றாகப் புகழ்ந்து, குளிர வைத்து, ஆளை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு மேல்பூச்சு.

அவளுடைய அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அந்தப் பாடகர் என்றால் அக்காவுக்கு உயிர். ஒரு நிகழ்ச்சியில் முன்வரிசையில் நின்றவள், பிடித்த பாட்டு வந்ததும் தன்னை மறந்து அழுதுவிட்டாள். பாடகர் பாட்டை நிறுத்தினார். அவளைக் கைகாட்டி, வாயைக் கோணி, அவள் அழுவதுபோலவே மைக்கில் அழுது காட்டினார். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, 'அழுமூஞ்சி' என்ற பெயரில் அது எல்லார் செல்போனிலும் ஓடியது. கண் காட்ட வந்தவர்களே, "நீங்கதானே இது?" என்று நீட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பாட்டுப் போடுவதில்லை. அடுப்படியில் முணுமுணுக்கும் அம்மாகூட வாயை மூடிக்கொண்டாள்.

படத்துக்குக் கேமரா நெட்டையன். கல்லூரியில் சேர்ந்த அன்றிலிருந்து அவளுக்குக் கூட்டாளி. இருவரும் எடிட்டிங் அறைச் சுவரில் காகிதத் துண்டுகளை ஒட்டித் திட்டம் போட்டார்கள். அக்காவைப் பற்றியும் அந்த நாலு கேள்வியைப் பற்றியும் மட்டும் அவனிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. பாடகரின் மேனேஜரும் சம்மதித்துவிட்டார்.

"ஊரைக் கேக்கறதுக்கு முன்னாடி உங்க அனுபவத்தை நீங்களே சொல்லிப் பாருங்க" என்றார் விரிவுரையாளர். நெட்டையன் முன்னால் உட்கார, அவள் கேமராவை ஓடவிட்டாள்.

"அழுமூஞ்சி வீடியோ பாத்திருக்கியா? அதை எடுத்ததே நான்தான்!" என்றான் அவன் உற்சாகமாக. "கேமராதான் நம்ம வழின்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்."

அவளுக்குக் காது அடைத்தது. இத்தனை நாள் ஒரே டப்பாவில் சாப்பிட்டவன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?"

"யாருக்குத் தெரியும்? கல்யாணம் காட்சின்னு எங்கயாவது நல்லா இருப்பா."

அவள் கேமராவை நிறுத்தவில்லை. பாடகர் அவளுக்கு மறந்தே போனார்.

மறுநாள், "படம் எடுக்க இடம் பார்க்கணும், வா" என்று அவனை அக்காவின் கடைக்கு அழைத்துப் போனாள். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணையும் காட்டிக்கொள் என்று அவள் சொல்ல, நெட்டையன் பரிசோதனைக் கருவியில் மோவாயை வைத்துக் குனிந்தான். அலமாரி மேல் சின்னவளின் செல்போன் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உன் வீடியோவை எடுத்தவன் இவன்தான்."

நெட்டையன் நிமிர்ந்து, எதிரே இருந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். பேயறைந்தவன்போல் ஆனான். "அக்கா... சத்தியமா எனக்குத் தெரியாது..."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்த செல்போனை எடுத்து அணைத்தாள். "இவன்தான் என்னைக் கேக்காம எடுத்தான். நீயும் கேக்க மாட்டியாடி?"

சின்னவளுக்குச் சுரீரென்றது. "உனக்காகத்தானே..."

"எனக்காகவா? உன் ஆத்திரத்துக்கு நான் தீனியா?"

அக்கா கருவியின் விளக்கை அணைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "படத்தை எடுங்க. ஆனா கேள்வி கேக்கறது நான். முதல் ஆள் இவன். பாடகர் அப்புறம்."

"வேண்டாங்க்கா. எங்க அம்மா பாப்பாங்க" என்றான் நெட்டையன்.

"எங்க அம்மாவும் பாத்தாங்க."

எடிட்டிங் அறையில் விளக்கு போட்டு அவனை உட்காரவைத்தார்கள். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. எதற்கு எடுத்தாய், யார் யாருக்கு அனுப்பினாய், எந்த இடத்தில் சிரித்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் மழுப்பினால் அதையே திரும்பக் கேட்டாள். கடைசியில் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். நிறுத்தச் சொல்லுவாளோ என்று சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

கேமராவுக்குப் பின்னால் நின்ற சின்னவள் லென்ஸை அவன் முகத்துக்கு நெருக்கினாள். அவன் அழுவதைப் பார்க்கத்தான் ஏங்கியிருந்தாள். பார்த்ததும் தித்தித்தது. அந்தத் தித்திப்பை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

நெட்டையன் படத்தை விட்டு விலகவில்லை. கேமராவைப் பற்றித் தவிர அவளிடம் பேசவும் இல்லை. பாடகரைப் பார்க்கப் போகிற காலையில் அவன் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்தான். பின்சீட்டில் அக்கா புதுப் புடவையில் இருந்தாள்.

"பயமா இருக்காக்கா?" என்றாள் சின்னவள்.

"அவருக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள்.